புளியாரையும் என் வலது குதிங்காலும்

புல்தரை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். நீட்டி எழுத வராது. மெஷின் ஓட்டுவது, தண்ணீர் விடுவது, உரம் வைப்பது எல்லாம் உங்களுக்கு அங்கே ஆள் காட்டித் தருவார்கள். நான் ஒரு களையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இருபத்திரண்டு வருசம் அதோடு மல்லுக்கட்டினேன். அதுவும் தோற்கவில்லை, நானும் தோற்கவில்லை.

புளியாரை.

தெரியும் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூணு இலை. ஒவ்வொன்றும் ஈர மண்ணில் ஆட்டுக்குட்டி மிதித்த குளம்படி மாதிரி நடுவில் பிளந்திருக்கும். பூ மஞ்சள், அஞ்சு இதழ், சுண்டுவிரல் நகம் அளவு. காய் பார்த்தால் வெண்டைக்காயைப் பொம்மைக்குச் செய்து வைத்த மாதிரி இருக்கும். இரண்டு நெல்லு நீளந்தான். வானத்தைப் பார்த்து விறைப்பாக நிற்கும்.

இதே புல்லில் மூணு இலைச் செடி இன்னொன்றும் படரும். சிறுபுள்ளடி. அதன் பூ செவசெவப்பாக இருக்கும், அது புல்லை ஒன்றும் செய்யாது. ஒருக்க நாலு பெண்கள் ஒரு நாள் பூராவும் சிறுபுள்ளடியைப் பிடுங்கி மலை மாதிரி குவித்துவிட்டு, புளியாரையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடையாளம் பார்த்ததால் வந்த வினை. பொழுது சாய்ந்தால் புளியாரை பூவை மூடிக்கொள்ளும், இலையையும் மடக்கிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வையுங்கள். புளித்தால் அதுதான். மருந்து அடித்த தரையில் மட்டும் வாயில் வைக்காதீர்கள்.

அதைப் பார்க்க நேரம் காலை பத்து மணி. அதுக்கு முன்னால் தரை பச்சையாகக் கிடக்கும். வெயில் ஏறும். அங்கன ஒன்று திறக்கும். இங்கன ஒன்று. செருப்பைச் சரிபண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தரை பூராவும் மஞ்சள். ஒரு சத்தம் கிடையாது. மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அத்தனையும் ஒரே நேரத்துக்கு எப்படித் திறந்தது? முதல் தடவை பார்த்த அன்று கையில் இருந்த களைகொத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். கொல்ல வந்தவள்தான் நான். ஆனாலும் நின்றேன்.

எனக்குச் சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆத்தங்கரை ஊர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நடவும் களையுந்தான் வேலை. நெல்வயலில் களை எடுக்கிறவள் பிடுங்கினதை வரப்புக்குத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டாள். ஒரு பிடி சேர்ந்ததும் சுருட்டிக் காலடியில் போடுவாள். குதிங்காலால் ஒரு மிதி, ஒரு திருகு. சேற்றுக்குள் போய்விடும். அழுகி நெல்லுக்கே உரமாகும். எனக்கு இடது குதிங்காலில் சின்ன வயதில் பட்ட அரிவாள் வெட்டு. அதனால் எப்போதும் வலது காலால்தான் மிதிப்பேன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் புல்தரை வேலை கிடைத்தது. ஆபீஸ் கட்டிடத்துக்கு முன்னால் பெரிய தரை. நடுவில் செங்கல் பாதை. தெற்குப் பாதி என் பொறுப்பு. வடக்குப் பாதி ஜெபக்கனி பொறுப்பு.

ஜெபக்கனி திசையன்விளைப் பக்கம். செம்மண் காட்டில் கடலைக்குக் களை எடுத்த கை. புருசன் தவறிவிட்டார். ஒரே மகளோடு வந்தாள். வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் பீஸ் கிடையாது. மகள் அப்போது இரண்டாம் வருசம். அம்மா வேலையில் இருக்கும் வரைதான் அந்தச் சலுகை. அம்மா நின்றால் மகளும் நிற்க வேண்டியதுதான்.

அவள் களை எடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்றைப் பிடுங்குவாள். வேரில் மண் இல்லாமல் உதறுவாள். மடியில் போடுவாள். மடி நிறைந்ததும் எழுந்து நடந்து, கட்டிடத்துக்குப் பின்னால் உள்ள பாறையில் கொட்டி, வேர் மேலே பார்க்கிற மாதிரி பரத்திவிட்டு வருவாள்.

“ஏளா, களையை மடில வச்சுத் தாலாட்டுதியா?” என்பேன்.

“எங்கூர்ல பிடுங்குனத மறுபடி மண்ணுக்குக் காட்டப்பிடாதுக்கா. கண்டா எந்திச்சிரும்.”

“ஒங்கூர்ல தண்ணியே கெடையாது. எதக் குடிச்சிட்டு எந்திக்க?”

“தண்ணி இல்லாத ஊர்லயே எந்திக்குன்னா, இங்கன என்ன செய்யும்? யோசிங்க.”

நான் யோசிக்கவில்லை. ஆத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த திமிர்.

அந்த வருசம் ஐப்பசியில் ஜெபக்கனியின் அம்மா படுத்துவிட்டார். பத்து நாள் ஊருக்குப் போனாள். வடக்குப் பாதியையும் நானே பார்த்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வடக்குப் பாதியில் ஏதோ விழாவுக்குப் பந்தல் போட்டிருந்ததில் அங்கங்கே புல் செத்து வழுக்கையாகக் கிடந்தது. மழையில் அந்த இடம் வயல் மாதிரி தொளதொளவென்று இருந்தது. இது முக்கியம். வயல் மாதிரி இருந்தது.

ஜெபக்கனி வந்தாள். கார்த்திகை போனது, மார்கழி போனது. தை பிறந்ததும் வடக்குப் பாதி மஞ்சளாகிவிட்டது. என் பாதி சுத்தம்.

“எக்கா, எடுக்க எடுக்க வருது,” என்றாள்.

“கடலைக்காட்டுல கொத்துன கையி. அப்படித்தான் வரும்,” என்றேன்.

 அவள் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை குத்தவைத்தே இருந்தாள். நான் என் சுத்தமான பாதியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

மாசியில் பட்டமளிப்பு விழா. தை நடுவில் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டார். மூணாவது மாடி. நான் அதுவரை அங்கே ஏறினதில்லை. மேனேஜர் பழைய பண்ணை வீட்டுக்காரர். தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்தில் நிறைய வயல் இருந்ததாம். நல்ல மனுசர், ஆனால் தீர்ப்புச் சொல்ல அவசரப்படுவார்.

“வாம்மா பேச்சியம்மா. நீதான் இங்க மூத்த ஆளு. நீயே சொல்லு. ஒன் பாதி எப்படி இருக்கு, இந்தப் பிள்ளை பாதி எப்படி இருக்கு? மேடை போடுதது அவ பாதியிலதான். வாரவுக போட்டோ எடுப்பாக. அதுல புல்லு தெரியணுமா, மஞ்சத்தூளக் கொட்டுனாப்புல தெரியணுமா?”

“தெனமும் எடுக்கேன் ஐயா,” என்றாள் ஜெபக்கனி. அவள் குரல் தரையோடு கிடந்தது.

“எடுத்தா எப்படிம்மா வரும்? ஊருக்குப் போய்ட்டு வந்த பெறவு ஒனக்கு வேலைல புத்தி இல்ல. பேச்சியம்மா, நீ சொல்லு. இவ ஒழுங்கா எடுத்தாளா, இல்லியா? நீ ‘எடுக்கல’ன்னு சொன்னா இவள மாசக் கடைசியோட நிப்பாட்டிருதேன்.”

‘சரியா எடுக்கல ஐயா’ என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. பொய் இல்லை. அதைத்தான் நான் நம்பினேன். சொல்லப் போகிற நேரம், முகம் பார்க்க மனசில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மணி பத்து.

அத்தனை வருசமாகக் குத்தவைத்தே பார்த்த தரையை அன்றைக்குத்தான் மேலே இருந்து பார்த்தேன். என் கண் முன்னால் திறந்துகொண்டே போனது. ஒரு மஞ்சள் கொத்து. ஓர் எட்டு எடுத்து வைக்கிற தூரத்தில் இன்னொரு கொத்து. இன்னும் ஓர் எட்டு. நெல் நடவு மாதிரி வரிசை. குழாய் பக்கத்தில் வரிசை வளைந்தது. வேப்பமரத்தடியில் கொஞ்ச இடம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி தொடங்கி, வழுக்கைக்கு வழுக்கை போனது.

ஜெபக்கனியின் சோம்பல் வரிசையாகப் பூக்காது. களை தானாக வந்தால் வளையாது. அந்த வளைவு எனக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் குடிக்க நான் திரும்பின வளைவு. வேப்பமரத்தடியில் மழைக்கு ஒதுங்கினேன், அங்கே வேலை செய்யவில்லை. ஓர் எட்டுக்கு ஒரு கொத்து. வலது கால், வலது கால், வலது கால்.

பத்து நாளும் இரண்டு பாதியிலும் பிடுங்கினதை எல்லாம் அள்ளி, வடக்குப் பாதி வழுக்கையில் போட்டு மிதித்திருக்கிறேன். ஒரு மிதி, ஒரு திருகு. என் பாதி ஏன் சுத்தமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அது நினைவே இல்லை. மூச்சு விட்டதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? நான் மறந்துவிட்டேன். தரை மறக்கவில்லை. நான் நடந்த நடையை மூணு மாசம் உள்ளே வைத்திருந்து, எட்டுக்கு எட்டு, பூவாக எடுத்து வெளியே வைத்துவிட்டது.

பயந்தேனா என்று கேட்டால், ஆமாம். ஆனால் பயத்துக்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. கோவிலில் திரை விலகும்போது வருமே, அது.

“என்ன, வெளிய என்னத்த வேடிக்க பாக்க? கேட்டது காதுல விழலியா?” என்றார் மேனேஜர்.

“ஐயா, இங்கன வந்து பாருங்க.”

“என்னத்தப் பாக்க?”

“அது என் கால் ஐயா.”

அவர் ஜெபக்கனியைப் பார்த்தார். ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். நான் சொன்னேன். மழை, வழுக்கை, மிதித்தது, குழாய், வேப்பமரம். ஒவ்வொன்றாக விரலால் காட்டினேன்.

மேனேஜர் எழுந்து வந்து ஜன்னலில் நின்றார். 

“எங்க வயல்லயும் இப்படித்தான் ஒத்தக் கால்ல திருகுவாளுக,” என்றார் பைய. “சின்னப் பிள்ளையில வரப்புல நின்னு பாத்திருக்கேன்.” பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “அப்ப போக வேண்டியது இவ இல்ல. நீதான்.”

“ஆமாய்யா. போறேன். ஆனா நான் ஊனுனத நானே எடுத்துட்டுப் போறேன். விழா வரைக்கும் விடுங்க.”

“எதுக்கு? ஒரு மருந்தடிச்சா ரெண்டு நாள்ல கருகிரும்.”

“கருகும் ஐயா. செஞ்சிராதீய. கீழ வாங்க, ஒண்ணு காட்டுதேன்.”

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே உள்ளவர்களிடம் களையைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது. அவர்களுக்குக் களை என்றால் ஒரு நிறம். தூரத்தில் இருந்து தெரிகிற நிறம். கையைப் பிடித்துக் கூட்டி வந்து குனிய வைக்க வேண்டும்.

மேனேஜர் வந்தார். குனிந்தார். முத்தின காய் ஒன்றைக் காட்டி, “பைய தொடுங்க ஐயா,” என்றேன். தொட்டார்.

காய் வெடித்தது. ஐயா “ஏ!” என்று பின்னால் துள்ளி, புல்லில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. சட்டையில், மீசையில், எங்கே பார்த்தாலும்.

“என்னட்டி அது, பூச்சியா?”

“வெத ஐயா. ஒரு காய்க்குள்ள இருந்ததுதான்.”

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“மருந்தடிச்சா செடி சாகும்,” என்றேன். “முத்துன காய் சாகாது. காஞ்சதும் அத்தனையும் வெடிக்கும். புல்லும் கருகிக் கெடக்கும், வெதைக்கு நல்ல எடம் கெடைக்கும். விழா முடிஞ்சு ஒரு மாசத்துல ஒங்க வாசப்படி வரைக்கும் வரும்.”

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். “எத்தன நாளு?”

“இருக்கிற நாளு போதும்.”

“சரி. விழா அன்னைக்குப் பத்து மணிக்கு அந்த ஜன்னல்லேருந்து பாப்பேன். ஒரு மஞ்சப் புள்ளி தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல. சம்மதமா?”

“சம்மதம் ஐயா,” என்றேன்.

அவர் போனதும் ஜெபக்கனி என் முன்னால் வந்து நின்றாள்.

“யாரக் கேட்டு சம்மதம்னிய? ஒங்க கால நீங்க பந்தயம் வைங்க. எம்மகள எதுக்கு வச்சிய?”

 உண்மையை ஒத்துக்கொண்ட தெம்பில் அடுத்தவள் பிள்ளையை எடுத்துப் பந்தயத்தில் வைத்துவிட்டேன். ஒரு தப்பைச் சரிசெய்கிற அவசரத்தில்தான் அடுத்த தப்பு நடக்கும். என் வேலைக்காலம் பூராவும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

மூணு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பக்கத்தில் பக்கத்தில் குத்தவைத்து வேலை செய்தோம். முதலில் காய் வைக்காத கொத்துகளை எடுத்தோம். களைகொத்தியை ஆழமாக விட்டு ஒரு மிதியை அப்படியே கட்டியாகத் தூக்கினேன். நான் சுருட்டிப் போட்ட சுருட்டு உள்ளே அப்படியே இருந்தது. கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. தலைகீழாகப் புதைந்த தண்டு உள்ளேயே வளைந்து, திரும்பி, மேலே வந்திருந்தது. இருட்டில் கிடந்ததுக்கு மேல் எது, கீழ் எது என்று யார் சொன்னது? என் மொத்தக் கனத்தையும் அதன் மேல் வைத்துத் திருகியிருக்கிறேன். அதை அது பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டியை ஜெபக்கனி பக்கம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்ணை உதறி மடியில் போட்டுக்கொண்டாள். நானும் அன்றையிலிருந்து மடியில்தான் போட்டேன்.

காய் உள்ளதுதான் பெரும்பாடு. கை பட்டால் வெடிக்கும், சேலை பட்டால் வெடிக்கும். ஒன்று வெடித்தால் ஓர் ஆள் நீளத்துக்கு மேல் சிதறும். விடியலில் பனியோடு எடுத்துப் பார்த்தோம், வெடித்தது. சருவச்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம், ஓரம் பட்டு வெடித்தது. புல் வெட்டுகிற மெஷினை நிறுத்தச் சொன்னேன். மெஷின் ஓட்டுகிற காதர் பாய்க்குக் கோபம். “புல்ல வெட்டாம என்ன, மெஷின வச்சுப் பூசை பண்ணவா?” என்றார். சக்கரத்தைக் கழுவிக் காட்டினேன். அடியில் ஒட்டியிருந்த விதையைப் பார்த்துவிட்டு, “அல்லா, நான்தான் இதச் சுமந்துட்டு ஊர்வலம் போயிருக்கேன்,” என்றார். விழா வரைக்கும் மெஷினைத் தொடவில்லை. நீங்களும் இதைச் செய்யுங்கள். காய் இருக்கிற காலத்தில் மெஷின் ஓட்டினால், நீங்கள் வெட்டுவது புல், விதைப்பது புளியாரை.

நாலாம் நாள் உச்சி வெயில். ஜெபக்கனி துண்டை நனைத்துத் தலையில் போட்டிருந்தாள். குனிந்தபோது துண்டு நழுவிக் காய் நிறைந்த ஒரு கொத்தின் மேல் விழுந்தது. எடுக்கப் போனவள், கையைத் துண்டின் மேல் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

“எக்கா.”

மூணு நாளுக்குப் பிறகு முதல் சொல்.

“கைய வைங்க.”

வைத்தேன். ஈரத் துணிக்குக் கீழே, என் உள்ளங்கையில், பொரி பொரிந்தது. சூடு இல்லாத பொரி. டப்பு, டப்பு, டப்பென்று. காதில் கேட்கவில்லை, கையில்தான் கேட்டது. இத்துனூண்டு செடிக்குள் இவ்வளவு வேகத்தை யார் சுருட்டி வைத்தது? இரண்டு பேரும் நாலு கையையும் துணி மேல் வைத்துக்கொண்டு, அது ஓயும் வரை அசையவில்லை. தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஓய்ந்ததும் துண்டைப் பைய புரட்டினாள். அடிப்பக்கம் பூராவும் விதை ஒட்டியிருந்தது. ரவையை விடச் சின்னது, செம்மண் நிறம். ஒன்றுகூடத் தரைக்குப் போகவில்லை.

“ஒங்கூர் மண்ணு கலர்ல இருக்கு,” என்றேன்.

“அதான் எனக்குக் கட்டுப்படுது,” என்றாள்.

அதன்பிறகு பழைய வேட்டி, பழைய சேலை எல்லாம் கிழித்து நனைத்து வைத்துக்கொண்டோம். காய் உள்ள கொத்து மேல் ஈரத்துணியைப் போடு. அழுத்து. வெடித்து ஓயட்டும். துணியோடு பிடித்துக் கட்டியாகத் தூக்கு. முறை இவ்வளவுதான். துணியை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். நாங்கள் முதல் நாள் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டோம். அடுத்த மாசம் குழாயடிக் கல்லைச் சுற்றி மாலை போட்ட மாதிரி வந்து நின்றது. எடுத்த இடத்தில் வழுக்கை விழுந்தால் அன்றைக்கே பக்கத்துப் புல்லைப் பெயர்த்து வைத்து மூடுங்கள். காலி இடம் இருந்தால் அதுதான் முதலில் வரும்.

விழா நாள் வந்தது. மேடை, பந்தல், நாற்காலி. நானும் ஜெபக்கனியும் பின்னால் குழாயடியில் நின்றோம். பத்து மணிக்கு நான் தரையைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மூணாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் வந்து நின்றார். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். மறுபடி பார்த்தார். ஜன்னலைச் சாத்தினார். அவ்வளவுதான்.

மாசக் கடைசியில் நான் போக வேண்டியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

புளியாரை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மண்ணுக்குள் விதை உறங்கும். அடுத்த மழைக்கு அங்கங்கே வந்தது. அதற்கு அடுத்த மழைக்கும் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் குறைந்தது, ஆனால் வந்தது. அதனால் உங்களிடம் ‘ஒழிப்பது எப்படி’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பூக்கும்போதே பார், காய்க்கும் முன் எடு, மண்ணுக்குக் காட்டாதே. வருசத்துக்கு ஒரு தடவையாவது மேலே ஏறிப் பத்து மணிக்குப் பார். களை எங்கே இருக்கிறது என்று கீழே இருந்தே தெரியும். யார் கொண்டு வந்தது என்று மேலே இருந்துதான் தெரியும். அது பெரும்பாலும் களை எடுக்க வந்தவராகவே இருக்கும்.

இரண்டு வருசம் கழித்து அதே தரையில் பட்டமளிப்பு. ஜெபக்கனியின் மகள் கறுப்பு அங்கி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எங்கள் இடத்தில், குழாயடியில். ஜெபக்கனி அன்றைக்குப் புதுச் சேலை. மேடையைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“எக்கா,” என்றாள், தாடையால் காட்டி. “மூணாவது வரிசை. ஓரத்து நாற்காலிக்குப் பக்கத்துல.”

பார்த்தேன். ஒரே ஒரு மஞ்சள். மணி பத்து தாண்டியிருந்தது.

“போய் எடுத்துட்டு வரட்டா?” என்றேன்.

“காய் இருக்கா?”

“இங்கேருந்து தெரியல. நேத்து பூவே இல்ல. அப்ப பூ மட்டுந்தான்.”

“பூ யாரையும் ஒண்ணும் செய்யாது. இருக்கட்டும். நாளைக்கு எடுப்போம்.”

மகள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து அந்த ஓர நாற்காலியைத் தாண்டித்தான் மேடைக்குப் போனாள். அங்கியின் ஓரம் பூவின் மேல் உரசிப் போனது. பூ சாய்ந்தது. அவள் படியேறி முடிக்குமுன் நிமிர்ந்துவிட்டது. ஜெபக்கனி இரண்டையும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போனேன். எனக்கு முன்னாலேயே அவள் அங்கன குத்தவைத்திருந்தாள். நாற்காலியை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வெறும் தரை. பக்கத்தில் ஈரத்துணி மடித்து வைத்திருந்தது. இலை மடங்கி, பூ மூடி, அந்தச் செடி இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“எடுக்கலியா?” என்றேன்.

“நீங்க ஊனுனது,” என்றாள். “நீங்களே எடுங்க.”

எடுத்தேன். மண்ணை உதறினேன். மடியில் போட்டுக்கொண்டு பாறைக்கு நடந்தேன்.